திரும்ப நடக்க எத்தனை அடி? நரம்பு நோய்க்குப் பிறகு நடையும் சமநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதமோ, தலைக்காயமோ, தண்டுவடப் பாதிப்போ, எது வந்தாலும் உயிருக்கு ஆபத்து நீங்கியதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி "திரும்ப நடப்பாரா?" என்பதுதான். பிசியோதெரபி வேலையில் இருக்கும் எனக்கு அந்தக் கேள்வி வராத நாள் குறைவு. அதன் பின்னாலேயே வரும் மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். ஆய்வுகள் சொல்வது எது, என் கருத்து எது என்று பிரித்தே சொல்லியிருக்கிறேன். உங்கள் நோயாளியை நான் பார்த்ததில்லை. அதனால் அவரைப் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

காலில் ஒன்றும் அடிபடவில்லையே, பிறகு ஏன் நடக்க வரவில்லை?

நடப்பது கால், ஆனால் நடத்துவது நரம்பு மண்டலம். அதிலும் ஒரே இடத்திலிருந்து இல்லை. 1911-இல் கிரஹாம் பிரவுன் என்ற ஆய்வாளர், மூளையுடன் தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையின் தண்டுவடமே கால்களை மாற்றி மாற்றி அசைக்கும் தாளத்தை உண்டாக்குவதைக் காட்டினார். 1966-இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி மூவரும், பூனையின் மூளைத்தண்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டினால் அது நடக்க ஆரம்பிக்கிறது, மின்சாரத்தைக் கூட்டினால் நடை ஓட்டமாகிறது என்று கண்டார்கள்.

அதாவது அடிப்படைத் தாளம் கீழே தண்டுவடத்தில் இருக்கிறது. எப்போது கிளம்புவது, எங்கே திரும்புவது, கல்லைத் தாண்டுவதா சுற்றிப் போவதா என்பதெல்லாம் மேலிருந்து வருகிறது. மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நிற்பவன் என்பதால் மேலிருந்து வரும் கட்டளையை நாம் பூனையைவிட அதிகம் நம்பியிருக்கிறோம். அந்தக் கட்டளை வரும் பாதையைத்தான் பக்கவாதம் அறுக்கிறது. தசை அப்படியே இருக்கும், சொல்தான் போய்ச் சேராது. கை நடுங்கி உடல் அசைவு மந்தமாகும் பார்க்கின்சன் நோயில் பாதை அறுவதில்லை, கிளம்பச் சொல்லும் உத்தரவு தடுமாறுகிறது. சிறுமூளை பாதித்தால் பலம் இருக்கும், அளவு தப்பும். குடித்தவர் நடை என்று ஊரார் தவறாகப் பேசுவது பெரும்பாலும் இவர்களைத்தான்.

எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்கவிட வேண்டும்? மறுநாளேவா?

"சீக்கிரம் எழுப்ப எழுப்ப நல்லது" என்று எங்கள் துறையே நம்பிக்கொண்டிருந்தது. அதைச் சோதிக்க அவெர்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஐந்து நாடுகளில் 2104 பக்கவாத நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடியும் அதிக நேரமும் நிற்க, நடக்க வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2015-இல் வந்த முடிவு எல்லோரையும் உட்காரவைத்துவிட்டது: மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் தீவிரப் பிரிவில் 46 சதவீதம், வழக்கமான பிரிவில் 50 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் படுக்கவே வைத்துவிடலாம்" என்று முடிவுகட்ட வேண்டாம். வழக்கமான பிரிவிலும் பெரும்பாலோர் முதல் நாளிலேயே எழுந்திருந்தார்கள். அதே தரவுகளைப் பிறகு அலசியபோது, நீண்ட நேரம் ஒரேயடியாக நிற்க வைப்பதைவிட, குட்டிக் குட்டியாக அடிக்கடி எழுப்புவது நல்ல பலனோடு சேர்ந்து வந்தது. முதல் நாளில் அவசரம் வேண்டாம், ஆனால் சும்மாவும் கிடக்க வேண்டாம். நிலைமை தணிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம்.

ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதானாமே?

இந்தச் சொல்லை எவ்வளவு பேர் கேட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபமே வரும். முதல் மூன்று மாதத்தில் மீட்சி வேகமாக இருக்கும் என்பது உண்மை. மூளையில் வீக்கம் வற்றுவது, அடங்கிக் கிடந்த பகுதிகள் விழிப்பது, புது இணைப்புகள் உண்டாவது எல்லாம் அப்போதுதான் அதிகம். ஆனால் வேகம் குறைவது வேறு, வாசல் மூடுவது வேறு.

இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். முதலாவது, அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான லீப்ஸ். 408 பக்கவாத நோயாளிகள், மூன்று பிரிவு. முதல் பிரிவுக்கு இரண்டாவது மாதத்தில், உடல் பாரத்தைத் தாங்கும் வாரில் தொங்கவிட்டு, ஓடும் பட்டைமேல் நடக்க வைக்கும் டிரெட்மில் பயிற்சி, இரண்டாவது பிரிவுக்கு அதே பயிற்சி ஆறாவது மாதத்தில், மூன்றாவது பிரிவுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பலமும் சமநிலையும் கூடுவதற்கான பயிற்சி. ஆறு மாதம் காத்திருந்தவர்கள் அதுவரை பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆனால் பயிற்சி முடிந்து ஒரு வருடக் கணக்கு எடுத்தபோது மூன்று பிரிவும் ஒரே இடத்தில் நின்றன. மொத்தத்தில் 52 சதவீதம் பேர் நடையில் ஒரு படி மேலே வந்திருந்தார்கள்.

இரண்டாவது 2023-இல் வந்தது. பக்கவாதம் வந்து ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை ஆன 55 பேர். 12 வாரம், வாரம் மூன்று நாள் நடை. பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும் அளவு வேகமான சிறு சிறு சுற்றுகள், நடுவில் ஓய்வு. மீதிப் பேருக்கு மிதமான நடை. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் வேகப் பிரிவில் 71 மீட்டர் கூடியது, மிதப் பிரிவில் 27 மீட்டர். எல்லோரும் "ஆறு மாதம் தாண்டியவர்கள்" என்பதை மறக்காதீர்கள். இதை இதயப் பரிசோதனை இல்லாமல் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

ரோபோ இயந்திரம் இருக்கும் மையத்துக்குத்தான் போக வேண்டுமா?

லீப்ஸ் முடிவை இன்னொரு தடவை பாருங்கள். விலை உயர்ந்த டிரெட்மில் ஏற்பாடும், வீட்டில் நாற்காலியைப் பிடித்துச் செய்யும் பயிற்சியும் சமமாக வந்தன. 2009-இல் காலை இயந்திரமே தூக்கி வைத்து நடத்தும் ரோபோவை, ஏற்கெனவே கொஞ்சம் நடக்கத் தெரிந்த 63 பேரிடம் சோதித்தார்கள். பிசியோதெரபிஸ்ட் கையால் தந்த பயிற்சியில்தான் வேகமும் தூரமும் அதிகம் கூடின. காரணம் ஊகிக்கக்கூடியதே: இயந்திரம் காலைத் தூக்கினால் ஆள் தூக்க வேண்டியதில்லை. சும்மா சவாரி செய்வதால் மூளை எதையும் கற்பதில்லை.

அதற்காக ரோபோவே வீண் என்று சொல்ல மாட்டேன். பக்கவாதம் வந்து முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர், சுத்தமாக நடக்கவே முடியாதவர், இப்படிப்பட்டவர்களுக்கு சாதாரண பிசியோதெரபியோடு இயந்திரப் பயிற்சியும் சேர்ந்தால் சுயமாக நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் பத்து அடி நடத்துவதற்குள் எல்லோருக்கும் முதுகு ஒடிந்துவிடும். அங்கே இயந்திரம் நூற்றுக்கணக்கான அடிகளைத் தரும்.

அப்படியானால் எதுதான் முக்கியம்?

எண்ணிக்கை. நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே இந்தப் பதிலுக்காகத்தான்.

2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு எளிய வேலை செய்தார்கள். பக்கவாத நோயாளிகளின் 312 பயிற்சி அமர்வுகளில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று எண்ணினார்கள். நடைப் பயிற்சி நடந்த அமர்வுகளில் நோயாளி வைத்த அடிகள் சராசரியாக 357. ஆரோக்கியமான ஆள் வீட்டுக்குள் புழங்குவதிலேயே இதைவிட அதிகம் நடந்துவிடுவார். தண்டுவடம் அறுபட்ட விலங்குகளை மறுபடி நடக்கவைத்த சோதனைகளில் ஒரு அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் அடிகள். நாம் விலங்குக்குக் கொடுத்த அளவைக்கூட மனிதனுக்குக் கொடுக்கவில்லை!

மீதி நேரம் எங்கே போகிறது? சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற, கையை நீவிவிட, காலை மடக்கி நீட்ட, பேச. அவையும் தேவைதான். ஆனால் "ஒரு மணி நேரம் பிசியோ நடந்தது" என்பதற்கும் "ஒரு மணி நேரம் நடந்தார்" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது: எந்த முறை, எந்த இயந்திரம் என்று கேட்பதைவிட, இன்றைக்கு எத்தனை அடி வைத்தார் என்று கேளுங்கள். ஒரு சாதாரண அடி எண்ணும் கருவி போதும். ஆனால் மிக மெதுவாகவோ காலை இழுத்தோ நடப்பவர்களின் அடிகளை மணிக்கட்டில் கட்டும் கருவி தவறவிடும். கணுக்காலில் கட்டினால் கணக்கு சரியாக வரும்.

எண்ணிக்கையோடு சிரமமும் வேண்டும். சுலபமாக முடிகிற அடிகளை ஆயிரம் வைத்தாலும் மூளைக்குப் புதுப் பாடம் இல்லை.

நொண்டலைத் திருத்திக்கொண்டேதானே நடக்க வைக்க வேண்டும்? தப்பாக நடந்தால் அதுவே பழகிவிடாதா?

பலருக்கும் இந்தப் பயம் உண்டு. ஏமி பாஸ்டியன், டார்சி ரீஸ்மன் ஆகியோர் 2007-இல் காட்டிய சோதனை அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. இடது காலுக்கு ஒரு பட்டை, வலது காலுக்கு ஒரு பட்டை என்று இரண்டாகப் பிரிந்த டிரெட்மில்லில் பக்கவாத நோயாளிகளை ஏற்றினார்கள். இரண்டு பட்டையும் வெவ்வேறு வேகத்தில் ஓடும். அவர்களது நொண்டலைத் திருத்தாமல், பெரிதாக்கும்படி வேகத்தை வைத்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பட்டைகளைச் சம வேகத்துக்குக் கொண்டுவந்ததும், அடி வைப்பது இரண்டு காலிலும் ஏறக்குறைய சமமாகிவிட்டது! தப்பு பெரிதானதால் மூளை அதைக் கவனித்துத் தானே திருத்திக்கொண்டது. அந்தத் திருத்தம் கொஞ்ச நேரம்தான் நின்றது. பல வாரம் திரும்பத் திரும்பச் செய்தபோது சிலருக்கு அது தங்கியது. வீட்டில் செய்யக்கூடியது அல்ல. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் "முட்டியை மடக்கு, குதிகாலை வை" என்று காதருகே கத்துவது அவசியமில்லை என்பதை இது சொல்கிறது.

ஒவ்வொரு முறையும் ஏன் ஸ்டாப்வாட்சை வைத்து நடக்க விடுகிறார்கள்?

ஒரு ஆள் எவ்வளவு வேகமாக நடக்கிறார் என்பது, அவர் வீட்டைவிட்டு வெளியே போவாரா என்பதை ஆச்சரியமாகச் சரியாகச் சொல்லும். ஜாக்குலின் பெர்ரி 1995-இல் பக்கவாத நோயாளிகளுக்குப் போட்ட கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் நடமாட்டம் வீட்டுக்குள். 0.4 முதல் 0.8 வரை வெளியே ஓரளவு. அதற்கு மேலே போனால் வெளியே தாராளமாக. பத்து மீட்டர் தூரத்தை 25 நொடியில் கடந்தால் 0.4, பன்னிரண்டரை நொடியில் கடந்தால் 0.8. நொடிக்கு 0.16 மீட்டர் கூடினாலே அன்றாட வாழ்க்கையில் வித்தியாசம் தெரியும் என்று 2010-இல் ஒரு கணக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் கடிகாரத்துக்குத் தெரியும். சோர்ந்து போனவரிடம் காட்ட, நேரங்களைக் குறித்துவைத்த தாள் உதவும்.

சமநிலைக்கு பெர்க் அளவுகோல் என்று ஒன்று. 14 வேலைகள், மொத்தம் 56 மதிப்பெண். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனை இன்னொன்று.

கண்ணை மூடினால் சாய்ந்துவிடுகிறார், குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் பட்டாலும் தடுமாறுகிறார். ஏன்?

நிமிர்ந்து நிற்க மூளை மூன்று இடத்திலிருந்து சேதி வாங்குகிறது: கண், உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு. மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டை வைத்துச் சமாளிக்கலாம். பாத உணர்வு குறைந்தவர் கண்ணை நம்பி நிற்கிறார். முகத்தைக் கழுவக் கண்ணை மூடியதும் அதுவும் போய்விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோம்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த சோதனை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது: காலைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொல்வது. வழி எளிது. உட்கார்ந்து குளிக்கட்டும், கைப்பிடி இருக்கட்டும், இரவில் சின்ன விளக்கு எரியட்டும்.

உட்கார வைத்தால் நல்ல கையாலேயே தன்னைத் தள்ளி, செயலிழந்த பக்கம் சரிகிறார். நிமிர்த்தினால் எதிர்க்கிறார். பிடிவாதமா?

பிடிவாதம் இல்லை. பக்கவாதத்தில் சிலருக்கு "நேர்" எது என்று உடல் உணரும் உணர்வே சாய்ந்துவிடுகிறது. நீங்கள் நேராக்கும்போது அவருக்கு விழப்போவதாகப் பயம் வருகிறது, அதனால் எதிர்த்துத் தள்ளுகிறார். நல்ல சேதி என்னவென்றால், கண்ணால் பார்த்து நேர்கோட்டை அறியும் திறன் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். கதவு நிலை, சுவர் ஓரம் இப்படிச் செங்குத்தான ஒன்றை எதிரே காட்டி, "நீங்கள் நேராக இருக்கிறீர்களா, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று அவரையே கண்டுபிடிக்க விட வேண்டும். இழுத்து நிமிர்த்தக் கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகும் இது நீடிப்பது அபூர்வம்.

பார்க்கின்சன் உள்ளவர் வாசற்படியில் பசை ஒட்டியதுபோல் நின்றுவிடுகிறார். ஆனால் மாடிப்படி மட்டும் ஏறுகிறார். நடிப்பா?

இந்தக் கேள்வியைத் தயங்கித்தான் கேட்பார்கள். நடிப்பு இல்லவே இல்லை. பழகிய அசைவுகளை உள்ளிருந்து கிளப்பிவிடும் பகுதிதான் பார்க்கின்சனில் பழுதாகிறது. வெளியிலிருந்து ஒரு குறி கிடைத்தால் மூளை வேறு பாதையில் அதே அசைவைக் கிளப்புகிறது. ஒவ்வொரு மாடிப்படியும் ஒரு குறி. 1967-இல் பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் நரம்பியலாளர், நடக்கும் பாதைக்குக் குறுக்கே போட்ட கோடுகள் இவர்களுக்கு உதவுகின்றன, நீளவாக்கில் போட்ட கோடுகள் உதவுவதில்லை என்று எழுதினார். தரையில் நிறமுள்ள டேப்பைக் குறுக்கே ஒட்டலாம். "ஒன்று, இரண்டு" என்று எண்ணலாம். தாளம் தட்டலாம். நின்றுபோன நேரத்தில் பின்னாலிருந்து தள்ளாதீர்கள், முன்னாலிருந்து இழுக்காதீர்கள். இரண்டிலும் விழுவார்.

153 பேரை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், வீட்டில் மூன்று வாரம் இப்படிக் குறி வைத்துப் பழகியதில் நடை மேம்பட்டது. பயிற்சியை விட்டு ஆறு வாரத்தில் பலன் பெரிதும் கரைந்துவிட்டது. ஆகவே குறியை எடுத்துவிடாமல் வைத்திருங்கள். தைச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியை வாரம் இரு முறை 24 வாரம் செய்த பார்க்கின்சன் நோயாளிகள், வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள் என்று 195 பேரை வைத்து 2012-இல் காட்டினார்கள்.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்கலாமா?

ஆரம்பத்தில் வேண்டாம். 1997-இல் ஸ்வீடனில் முதியோர் இல்லவாசிகள் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிரண்டில் பத்துப் பேர் விழுந்தார்கள். நடையிலேயே முழுக் கவனமும் செலவாகிறது, பேச்சுக்கு மிச்சம் இல்லை என்பதன் அடையாளம் அது. நடை உறுதிப்பட்ட பிறகு, பாதுகாப்பாக ஒருவர் பக்கத்தில் இருக்க, பேசிக்கொண்டே நடப்பதையும் பயிற்சியாக்கலாம். வெளியே போனால் உலகம் வாயை மூடிக்கொண்டு இருக்காதே.

விழுந்துவிடுவாரோ என்று நடக்கவே விடாமல் வைத்திருக்கிறோம். சரியா?

பயம் நியாயமானது. 1995-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பிய 108 பேரில் 73 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைக்கும், எலும்பு பலமிழக்கும், அப்புறம் கழிவறைக்குப் போகிற ஐந்து அடியிலேயே விழுவார். நடக்க விடுங்கள், தனியாக விடாதீர்கள். செயலிழந்த பக்கம், அரை அடி பின்னால் நில்லுங்கள். கையைப் பிடிப்பதைவிட இடுப்புப் பட்டையைப் பிடிப்பது நல்லது. தோளைப் பிடித்து இழுத்தால் பலமிழந்த தோள் மூட்டு நழுவும். தரையிலிருந்து எழுவதையும் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பழக்கிவிடுங்கள். விழுந்தால் எழத் தெரியும் என்ற தைரியமே நடையை மாற்றும்.

பாதம் தொங்கிக் கால்விரல் தரையில் இடிக்கிறது. ஸ்பிளிண்ட் போட்டால் சோம்பிவிடாதா?

கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளிண்ட் போட்டதுமே பலருக்கு வேகமும் நிதானமும் கூடும். அதனால் அதிக அடிகள் வைப்பார். சோம்பல் பற்றிய கவலையைவிட எனக்கு அந்தக் கூடுதல் அடிகள் பெரிது. உணர்வு குறைந்த காலில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். பாதத்தைத் தூக்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவியும் உண்டு, 1961-லேயே வந்துவிட்டது.

மாத்திரை ஏதாவது?

நடையை நேரடியாக மீட்டுத்தரும் பக்கவாத மாத்திரை இன்னும் இல்லை. ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை உதவும் என்று சில காலம் நம்பிக்கை இருந்தது. 3127 பேரிடம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஃபோகஸ் ஆய்வு 2018-இல் அதை முடித்துவைத்தது: செயல்திறன் கூடவில்லை, மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. நரம்புகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் மட்டும் ஃபாம்பிரிடின் என்ற மருந்து ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நடை வேகத்தைக் கூட்டுகிறது. வலிப்பு வரலாறு உள்ளவருக்கு அது ஆகாது.

முதுகில் மின்கருவி பொருத்தி நடக்க வைத்ததாகச் செய்தியில் பார்த்தோமே?

உண்மைதான். 2018-இல் தனித்தனியே மூன்று குழுக்கள், தண்டுவடம் பாதித்த சிலரின் முதுகுத்தண்டுக்குள் மின்முனைகளைப் பொருத்தி, ஆதரவோடு அடியெடுத்து வைக்க வைத்தன. ஆட்கள் மிகச் சிலர், ஒவ்வொருவருக்கும் பல மாதப் பயிற்சி. செய்திப் படத்தில் கருவி தெரிகிறது, அந்த மாதங்கள் தெரிவதில்லை.

பயிற்சியை வீட்டாரே எடுத்துக்கொள்ள முடியுமா?

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு அட்டெண்ட் என்ற ஆய்வு நடந்து, 2017-இல் வெளியானது. ஒரு பிரிவில் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி தர வைத்தார்கள், மற்றப் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதத்தில் இரண்டு பிரிவிலும் இறந்தவர்கள், பிறரைச் சார்ந்திருந்தவர்கள் சேர்ந்து 47 சதவீதம். வித்தியாசம் இல்லை. இதைச் சொல்வதால் உங்கள் உழைப்பு வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிசியோதெரபிஸ்ட்டின் இடத்தை வீட்டார் நிரப்ப முடியாது என்பதுதான் நான் எடுத்துக்கொண்டது. திட்டத்தை அவர் போடட்டும், அளவை அவர் கூட்டட்டும். இடைப்பட்ட நேரங்களில் அடிகளைச் சேர்ப்பது உங்கள் பங்கு. சாப்பிட மேசைக்கு நடந்து வரட்டும், தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

எப்போது பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்?

திடீரென முகம் கோணுதல், பேச்சு குழறுதல், புதிதாகக் கை கால் பலமிழத்தல், இதுவரை இல்லாத கடும் தலைவலி: இவை வந்தால் அந்த நிமிடமே. நெஞ்சு வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத் திணறல், மயக்கம் வந்தாலும் அப்படித்தான். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் நீவிவிடாதீர்கள். இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். நேற்றுவரை பத்து அடி நடந்தவர் இன்று காரணமில்லாமல் மூன்று அடிக்கே தளர்ந்தால், சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூளை நோய் திரும்பிவிட்டதென்று பதறி வந்தவர்களில் பலருக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கிறது.